போர் முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. கொக்குவிலில் மனைவி, எட்டு வயது மகள், 67 வயது அம்மா ஆகியோருடன் வசிக்கிறேன். பிரச்சினை அம்மாதான். குசினிக்குப் பக்கத்து அறை முழுவதும் அரிசி, மா, சீனி, பருப்பு, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி. அவருடைய கட்டிலுக்குக் கீழே மண்ணெண்ணெய்க் கான்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை. அதற்குள் காணி உறுதி, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகள், கொஞ்சக் காசு. 2022இல் எரிவாயு கிடைக்காதபோது அவர் சேர்த்து வைத்த விறகும் எண்ணெயும் உதவியது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகுதான் இது எல்லை மீறிப் போனது. அண்மையில் வண்டு பிடித்த இரண்டு மூட்டை அரிசியை, அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எடுத்துக் கொட்டினேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனைவி கொழும்பில் வளர்ந்தவர். கான்களைப் பார்த்துப் பயப்படுகிறார். போன மாதம் மகள் தன் பாடசாலைப் பையில் பிஸ்கட், டோர்ச், பொம்மை எல்லாம் அடுக்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். கேட்டால், "சண்டை வந்தால் ஓடுவதற்கு" என்கிறாள். போர் முடிந்து 16 வருடமாகிவிட்டது என்று எத்தனை தடவை சொன்னாலும் அம்மாவுக்கு ஏறவில்லை. 95இல் எனக்கு ஆறு வயது, எதுவும் நினைவில்லை. மண்ணெண்ணெய் வாசம் பட்டால் மட்டும் காரணமில்லாமல் எரிச்சல் வரும். அம்மாவுக்கு இருப்பது மனநோயா? வைத்தியரிடம் காட்ட வேண்டுமா? அவரை எப்படி நம்ப வைப்பது?

பதில்: தம்பி, முதலில் மண்ணெண்ணெய். அது இன்றைக்கே கட்டிலுக்குக் கீழிருந்து வெளியே போக வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் பொறுமை காட்டலாம், இதற்கு முடியாது. பின்வளவில் விறகுக் கொட்டில் இருந்தால் அங்கே, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாக, பூட்டுப் போட்டு வையுங்கள். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். தண்ணீர் என்று நினைத்து மண்ணெண்ணெய் குடித்துவிடும் சிறுபிள்ளைகளை நம் வைத்தியசாலைகள் நிறையப் பார்த்திருக்கின்றன. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது; எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். நேரே வைத்தியசாலைக்குத்தான் ஓட வேண்டும். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி, அவரையும் அழைத்துப் போய், அவர் கண் முன்னாலேயே இடத்தை மாற்றுங்கள். ஒரு துளிகூடக் கொட்ட வேண்டாம். கொட்டில் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அம்மாவை எப்படி நம்ப வைப்பது என்கிறீர்கள். அந்த முயற்சியையே விட்டுவிடுங்கள்.

அவர் இடத்திலிருந்து கணக்குப் பாருங்கள். 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய இராணுவம் வந்து இறங்கியபோது ஊரே மாலையோடு நின்றது. அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. ஒக்டோபர் 10இல் அதே இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையே யாழ்ப்பாணத்தில் போர் தொடங்கியது. 1990 மார்ச்சில் இந்திய இராணுவம் கப்பலேறியது, அப்பாடா என்றார்கள். ஜூனில் மறுபடியும் போர். 1995 ஜனவரி 8இல் சண்டை ஓய்ந்தது. ஏப்ரல் 19இல் மீண்டும் மூண்டது. இராணுவம் நெருங்கி வர, ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாண நகரைச் சுற்றியுள்ள வலிகாமமே ஊரை விட்டு வெளியேறி மழைக்குள் தெருவில் நின்றது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் நயினாதீவுக்கு வந்து போனார்கள், ஊரில் புதுவீடு கட்டுவோர் கூடினார்கள். 2006 ஓகஸ்ட் 11இல் மறுபடியும் சண்டை மூண்டு, முகமாலையில் அந்தப் பாதை மூடப்பட்டது.

சண்டை முடிந்தது என்ற பேச்சை உங்கள் அம்மா நான்கு தடவை கேட்டவர். நான்கு தடவையும் நம்பியிருப்பார். நாங்கள் எல்லோரும் நம்பினோம். இப்போது ஐந்தாவது ஆளாக நீங்கள் வந்து சொல்கிறீர்கள். அதுவும் பெற்ற மகன். அவர் எந்த முகத்தோடு உங்களைப் பார்ப்பார்?

நீங்கள் சொல்வது பொய் என்று நான் கூறவில்லை. 2009 மேக்குப் பிறகு நம் தலைமேல் ஷெல் விழவில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால், அவர் அஞ்சுவது ஷெல்லுக்குத்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அந்த அறையை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். அரிசி, மா, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி. இவை பாதை மூடப்படும், கடை வெறுமையாகும் என்று அஞ்சி வாங்கிய பொருள்கள். அந்த அச்சம் 2009 மே மாதத்தோடு முடிந்துவிட வேண்டும் என்று சட்டம் இல்லை. 2020இல் ஊரடங்கு வந்தது. 2022இல் நாட்டின் கஜானாவே காலியாகி, ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கைவிரித்தது. ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை. அந்த ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. கொழும்பிலிருந்த பெரிய பெரிய பொருளாதார நிபுணர்கள் எதிர்பாராததை, கொக்குவிலில் ஒரு தாய் எதிர்பார்த்து எண்ணெய் வாங்கி வைத்திருந்தார். இதற்கு நாம் என்ன பெயர் வைக்கலாம் என்பதை நீங்களே யோசியுங்கள்.

உங்கள் கடிதத்தில் அந்த விடயத்தை "உதவியது உண்மைதான்" என்று அரை வரியில் கடந்துவிட்டீர்கள். அந்த மாதங்களில் உங்கள் வீட்டில் உலை கொதித்தது அவரால். அப்போது யாராவது, "அம்மா, நல்லவேளை நீங்கள் வைத்திருந்தீர்கள்" என்று சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 2022க்குப் பிறகுதான் எல்லை மீறியது என்கிறீர்கள். தன் கணக்கு சரியாக வந்ததையும் வீட்டார் அதைக் கண்டுகொள்ளாததையும் ஒரே நேரத்தில் பார்த்த ஒருவர், அடுத்த தடவைக்கு இன்னும் இரண்டு மடங்கு சேர்ப்பதில் ஆச்சரியம் என்ன?

கொட்டிய அரிசிக்கு வருகிறேன். வண்டு மொய்த்த அரிசியைக் கொட்டியதில் தவறில்லை. அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துச் செய்ததுதான் வினை. 1996 ஏப்ரல், மே மாதங்களில், இடம்பெயர்ந்து போயிருந்த தென்மராட்சியிலிருந்து வலிகாமத்துக்குத் திரும்பியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பூட்டிவிட்டுப் போன வீட்டில் கதவு இல்லை, ஜன்னல் இல்லை, தையல் மெஷின் இல்லை, குத்துவிளக்கு இல்லை. அம்மாவும் அப்படி ஒரு வாசலில் வந்து நின்றவராக இருக்கக்கூடும். வீட்டில் தான் இல்லாத நேரம் பொருள் காணாமல் போவது அவருக்கு எதை நினைவூட்டியிருக்கும்? அவர் இரண்டு நாள் பட்டினி கிடந்தது அரிசிக்காக என்று நான் நினைக்கவில்லை. மன்னிப்புக் கேளுங்கள். விளக்கம் சேர்க்காதீர்கள். "அம்மா, உங்களைக் கேட்காமல் எடுத்தது பிழை, இனிச் செய்ய மாட்டேன்." அவ்வளவு போதும். பிறகு ஒரு வார்த்தை 2022க்கு நன்றி சொல்லுங்கள். சொல்லி ஓரிரு நாள் விட்டுவிடுங்கள்.

பிறகு ஒரு கொப்பியோடு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். சேர்க்க வேண்டாம் என்று ஆரம்பிக்க வேண்டாம். "எவ்வளவு இருந்தால் போதும்?" என்று கேளுங்கள். வீட்டில் நாலு பேர், இதில் ஒரு சின்னப்பிள்ளை. பாதை மூடினால் எத்தனை மாதம் சமாளிக்க வேண்டும், அதற்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, செத்தல் மிளகாய் எவ்வளவு என்று அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். இந்தக் கணக்கில் அவர் கெட்டிக்காரர். 1990க்குப் பிறகு மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்தியவர். பெற்றோல், டீசல், பற்றரி, உரம், சீமெந்து எல்லாம் தடை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்; சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள்; சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழத்தில் துணி தோய்த்தார்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் ஒரு திரியை நிறுத்திக் கொளுத்துவார்கள். காற்றுக்கு அணையாது, எண்ணெயும் மிச்சம். அந்த வெளிச்சத்தில் படித்து ஒரு தலைமுறை பல்கலைக்கழகம் போனது.

மூன்று மாதத்துக்கு என்று அவர் சொன்னால் மூன்று மாதம். ஆறு என்றாலும் மறுக்காமல் எழுதுங்கள். எண் ஒன்று தாளில் விழுந்த பிறகு, அந்த எண்ணுக்கு மேல் வாங்குவதில்லை என்பது அவர் வாயாலேயே வர வேண்டும். பயத்துக்கு அளவு சொல்ல முடியாது, அரிசிக்குச் சொல்லலாம். வாங்கிய மாதத்தைச் சாக்கில் எழுதி, பழையதை முதலில் உலையில் போடுங்கள். வேப்பிலை போட்டு மூடி போட்ட பரலில் வைத்தால் வண்டு குறையும். கணக்குக்கு மேல் இருப்பது பழுதாகும் முன்பே கோயில் அன்னதானத்துக்குப் போகட்டும். கொண்டுபோய்க் கொடுப்பவர் அம்மாவாகவே இருக்க வேண்டும். இந்தச் சேமிப்புக்கு அவரே பொறுப்பாளர் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். உங்கள் மனைவியும் ஒரு மாதம் அந்தக் கொப்பியை எழுதிப் பார்க்கலாம்.

மனைவி கொழும்பில் வளர்ந்தவர், அவருக்கு இதெல்லாம் தெரியாது என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருந்தது. அது சரியல்ல. கொழும்பில் தமிழ்ப் பிள்ளையாக வளர்ந்தவருக்குப் பொலிஸ் பதிவும் நள்ளிரவுச் சோதனையும் தெரியும். 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதைத் தெரியும். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. மாமியும் மருமகளும் இதைப் பற்றி ஒரு நாளாவது பேசியிருப்பார்களா?

ஆணியில் தொங்கும் பையைத் தொடாதீர்கள். அது நல்ல பை. 1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி புலிகள் உத்தரவிட்டார்கள். ஐந்து சந்தியிலிருந்து கையில் எதுவுமில்லாமல் போனவர்கள், பின்னாளில் உறுதியும் சான்றிதழும் இல்லாமல் பட்ட பாடு கொஞ்சமல்ல. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கும் அதே கதைதான். நீங்கள் செய்ய வேண்டியது, உள்ளே இருக்கும் ஆவணங்களைப் படம் பிடித்து உங்கள் மின்னஞ்சலிலும் வைத்துவிட்டு, அதை அம்மாவுக்குக் காட்டுவது. வெள்ளம் வந்தாலும் அந்தப் பை உதவும்.

மகள் விடயம். எட்டு வயதுப் பிள்ளையிடம் "ஒன்றுமே நடக்காது" என்று சொல்ல வேண்டாம், நம்பமாட்டாள். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதும், தகப்பன் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனதும், அப்பம்மா சாப்பிடாமல் படுத்ததும் அவள் கண்ணில் படாமலா போயிருக்கும்? சின்னதாக, உண்மையாகச் சொல்லுங்கள்: "முன்பு இங்கே சண்டை நடந்தது. அப்பம்மாவும் அப்பாவும் வீட்டை விட்டு நடந்து போனோம். இப்போது சண்டை இல்லை. ஏதாவது வந்தாலும் பை கட்டுவது பெரியவர்களின் வேலை. நாங்கள் கட்டி வைத்திருக்கிறோம்." ஆணியில் தொங்கும் பைக்குள் அவளுடைய பிறப்புச் சான்றிதழும் இருக்கிறது என்று எடுத்துக் காட்டுங்கள். பிறகு பாடசாலைப் பையிலிருந்து பொம்மையை அவளே எடுத்து வெளியே வைப்பாள். டோர்ச் இருக்கட்டும், மின்சாரம் போனால் தேவைப்படும். இரவில் பயந்து எழுவது, படுக்கை நனைப்பது, பாடசாலைக்குப் போக அழுவது இவற்றில் ஏதாவது சில வாரம் தொடர்ந்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

இன்னொன்று. அப்பம்மாவைப் பேத்தி கேள்வி கேட்கட்டும். "என்ன கஷ்டப்பட்டீர்கள்?" என்ற கேள்வியை யாரும் கேட்க வேண்டாம். மனத்தில் உள்ளதை எல்லாம் கொட்டித் தீர்த்தால் சரியாகிவிடும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். வற்புறுத்திப் பேச வைப்பதால் நன்மை இல்லை, சிலருக்குத் தீங்கும் வருகிறது என்பதே உளவியல் துறையின் அனுபவம். "ஜாம் போத்தல் விளக்கு எப்படிச் செய்வது?" என்று கேட்டால் போதும். அவர் விரும்பினால் அங்கிருந்து, 95 இடப்பெயர்வில் சனம் நடந்து கடந்த நாவற்குழிப் பாலம் வரைக்கும் கதை போகும். விரும்பாவிட்டால் விளக்கோடு நிற்கும். இரண்டும் நல்லதே.

இப்போது உங்களைப் பற்றி. எதுவும் நினைவில்லை என்று எழுதிய அடுத்த வரியிலேயே மண்ணெண்ணெய் வாசத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சம்பவங்கள் கோவையாகத் தங்காமல் போகலாம். வாசமும் சத்தமும் உடம்பில் தங்கிவிடும். அந்த அறைக்குள் போனால் உங்களுக்கு வரும் எரிச்சல் முழுவதும் அம்மாவின் மூட்டைகளால் வந்ததா என்று எனக்குச் சந்தேகம். வாசம் பட்டு எரிச்சல் ஏறும் நேரத்தில் அம்மாவோடு வாய் கொடுக்காதீர்கள். வளவுக்குள் போய் நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், எரிச்சல் இறங்கிய பிறகு வந்து பேசுங்கள். வருடத்தில் எந்த மாதத்தில் உங்கள் வீட்டில் சண்டை கூடுகிறது என்றும் கவனியுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது காரணம் தெரியாமல் கலங்குபவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

மனநோயா என்ற கேள்விக்கு, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து ஆம் என்று சொல்ல மாட்டேன். ஆபத்தை அனுபவித்த ஒருவர் அடுத்த ஆபத்துக்கு ஆயத்தமாக இருப்பது நோயாகாது. ஆனால் சில விடயங்களை நீங்கள் எழுதவில்லை; அவற்றைக் கவனித்துப் பாருங்கள். இரவில் தூங்குகிறாரா? கெட்ட கனவு கண்டு எழுகிறாரா? வெடிச்சத்தம் கேட்டால் நெடுநேரம் நடுக்கம் நிற்காமல் இருக்கிறதா? உடம்பு மெலிகிறதா? வாழ்ந்தது போதும் என்பதுபோல் பேசுகிறாரா? கணக்கு எழுதி, அளவு நிரம்பிய பிறகும் இன்னும் வாங்காவிட்டால் அவரால் இருக்க முடியவில்லையா? வைத்த இடம் மறந்து, யாரோ திருடிவிட்டார்கள் என்கிறாரா? சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா? கடைசியாகச் சொன்னது போரோடு சம்பந்தமில்லாத முதுமை மறதியின் தொடக்கமாக இருக்கலாம், அதற்கு வேறு பரிசோதனை வேண்டும். இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் வைத்தியரைப் பார்ப்பது நல்லது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலை, காசு இல்லை. அவசரமாகப் பேச வேண்டுமானால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மா மறுப்பார். இந்த ஊரில் அப்படி மறுக்காதவர்கள் குறைவு. அவர் வயதில் பிரஷருக்கோ சீனிக்கோ ஏதாவது கிளினிக்குக்குப் போய்வருபவராக இருப்பார். அடுத்த கிளினிக் நாளில் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று அந்த வைத்தியரிடம் அம்மாவின் முன்னாலேயே சொல்லுங்கள். மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுத வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். அதுவரைக்கும் கொப்பி வேலையை நிறுத்த வேண்டாம்.